சட்டைப்பையில் கிடந்த கொடி

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டப்போன நாகநாதனின் காலடியில் ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் துண்டு ஒன்று விழுந்தது. விரல் நீளம்தான் இருக்கும். அதன் நுனியில் கறுப்பு மார்க்கரால் 3 என்று எழுதியிருந்தது. எழுதியவரும் அவரேதான்.

குனிந்து எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். அடுப்படியில் மனைவி மஹாலட்சுமி சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டிருந்தார். ராகுகாலம் முடிந்துவிட்டது, பைக்கைத் துடைத்துப் பொட்டு வைத்துவிட்டு வந்தால் வீட்டுப் பூசையைத் தொடங்கலாம் என்று அங்கிருந்தே சொன்னார். இவர் காதில் ஒன்றும் ஏறவில்லை.

அந்தத் துண்டு என்னவென்று முதலில் சொல்லிவிட வேண்டும். துப்பாக்கி காலியாக இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். குழலின் பின்பக்கத்தைத் தாழ்ப்பாள் மாதிரி மூடும் போல்ட்டைத் திறந்து, தோட்டா போய் உட்காரும் சேம்பருக்குள் அதைச் செருகி வைத்தால் வால் மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அது இருக்கும்வரை அங்கே தோட்டாவுக்கு இடமில்லை. ரைபிள் கிளப்பில் அதைக் கொடி என்பார்கள். சுடுவதற்கு முன்னால் நாகநாதன் தன் கையால் கொடியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். சுட்டு முடித்ததும் போல்ட்டைத் திறந்து, கண்ணால் பார்த்து, அது போதாதென்று விரல் நுனியால் தடவியும் பார்த்துவிட்டுத்தான் திரும்பச் செருகுவார். கொடி அவர் பையில் கிடக்கிறது என்றால், மூன்றாம் நம்பர் துப்பாக்கியை அவர் இன்னும் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

அதுவும் யார், நாகநாதன்! காரைக்குடியிலிருந்து கல்லல் போகிற சாலையில், கருவேலங்காட்டை ஒதுக்கி மண்மேடு எழுப்பிய அந்தச் சின்ன கிளப்பில், சுடும்போது பாதுகாப்பைக் கவனிக்கும் ரேஞ்ச் ஆபீசர் அவர். பிழைப்புக்கு மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர் வேலை. ஞாயிறும் விடுமுறையும் துப்பாக்கியோடுதான். கொடி இல்லாமல் ஒரு துப்பாக்கியை இரண்டடி நகர்த்தினால் போதும், வந்திருப்பவர் டாக்டரா தாசில்தாரா என்றெல்லாம் பார்க்கமாட்டார், வெளியே போங்கள் என்றுவிடுவார். சாகிற அன்றைக்கும் வாயைத் திறந்து காட்டி, காலி என்று சொல்லிவிட்டுத்தான் இந்த மனுஷன் சாவார் என்று பையன்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். அவருக்கும் அது தெரியும். உள்ளுக்குள் அதில் ஒரு பெருமைகூட உண்டு.

அந்தப் பிடிவாதம் சும்மா வரவில்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் கண்டரமாணிக்கம் பக்கம் ஒரு கம்பத்தில் ஏறிய சின்னக்கருப்பு என்ற வயர்மேன், லைன் ஆஃப் ஆகிவிட்டது என்று கீழேயிருந்து ஒருவர் சொன்னதை நம்பிக் கையை வைத்தார். உடலைக் கீழே இறக்கும்போது நாகநாதன்தான் நின்று தாங்கினார். அன்றைக்குப் பிறகு அடுத்தவர் சொல்லைக் கேட்டு எதையும் காலி என்று அவர் நம்பியதில்லை. இன்றைக்கு அவர் சொல்லை நம்பி கிளப்பில் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அதில் ஒருத்தி அவருடைய மகள் சுபலட்சுமி.

காலையில் நடந்ததெல்லாம் இப்போது ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தது. ஆயுத பூசை, புதன்கிழமை. பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம், அதற்குள் பூசை முடிய வேண்டும். அதற்கும் முன்னால் ஆளுக்குப் பத்து ரவுண்டு சுட்டுவிட்டுத் துப்பாக்கிகளைப் பூசைக்கு வைக்கலாம் என்று கிளப் செயலாளர் வெங்கட்ராமன் ஆசைப்பட்டார். நல்ல ஆசைதான், ஆனால் குருக்கள் சொன்ன நேரத்துக்கு முக்கால் மணி தாமதமாக வந்து சேர்ந்தார். கடைசியாகச் சுட்டது ஃபாயிஸா, சுபலட்சுமியோடு கல்லூரியில் படிப்பவள். பத்தாவது தோட்டாவுக்கு விசையை அழுத்தினாள். டிக் என்றதோடு சரி, வெடிக்கவில்லை.

சில நேரம் அப்படி ஆகும். துப்பாக்கிக்குள் இருக்கும் ஊசி தோட்டாவின் விளிம்பில் அடித்தும் உள்ளே மருந்து பற்றாமல் போய்விடும். தாமதமாக வெடித்தாலும் வெடிக்கும் என்பதால் குழல் மண்மேட்டைப் பார்த்தபடியே முப்பது வினாடி காத்திருந்து, அப்புறம்தான் போல்ட்டைத் திறந்து தோட்டாவை எடுக்க வேண்டும். நாகநாதன் எண்ண ஆரம்பித்தார். பன்னிரண்டோ பதின்மூன்றோ எண்ணியிருப்பார், வெங்கட்ராமன் ஹாலிலிருந்து ஓடிவந்தார். ராகுகாலத்துக்கு நாலு நிமிஷம்தான் இருக்கிறது, குருக்கள் கற்பூரத்தைக் கையில் எடுத்துவிட்டார், அவருக்கு இன்னும் மூன்று லேத்துப் பட்டறை பாக்கி என்று மூச்சு வாங்கினார். நாலு துப்பாக்கி மேசையில் இருக்க, ஐந்தாவதை விட்டுவிட்டு எப்படித் தீபம் காட்டுவது என்றும் கேட்டார். நாகநாதன் ஃபாயிஸாவின் கையிலிருந்து மூன்றாம் நம்பர் துப்பாக்கியை வாங்கி, குழலைத் தரையைப் பார்க்கப் பிடித்துக்கொண்டு நடந்தார். நம் கையில்தானே இருக்கிறது, தீபாராதனை முடிந்ததும் எடுத்துவிடலாம் என்று நினைத்தார்.

மேசையில் வைத்த பிறகுதான் இன்னொன்று நடந்தது. வெங்கட்ராமன் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். மூன்றாம் நம்பரின் போல்ட்டைத் தூக்கி, ஒரு விரல் அளவு பின்னால் இழுத்து, பளபளவென்று தெரிந்த இரும்பில் சந்தனமும் குங்குமமும் வைத்து, திரும்ப உள்ளே தள்ளி அமுக்கினார். அதன்மேல் சாமந்தி மாலையைப் போட்டார். மற்ற நாலு துப்பாக்கியிலும் கொடி இருந்தது, இதில் இல்லை என்பது மாலைக்கடியில் யாருக்கும் தெரியவில்லை. சாம்பிராணிப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்ற நாகநாதனுக்கு மணிச் சத்தத்தோடு சத்தமாக ஒரு 'டக்' கேட்டது. அப்போது அது உறைக்கவில்லை, இப்போது உறைத்தது. அப்படிப் பாதி இழுத்துத் தள்ளினால் தோட்டா வெளியே வராது. சற்றே திரும்பி மறுபடி உள்ளே போய் உட்காரும். ஊசியும் அடிக்கத் தயாராகப் பின்னால் ஏறி நிற்கும். முதல் அடிக்கு வெடிக்காத தோட்டா இரண்டாவது அடிக்கு வெடிப்பதை அவரே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார்.

தீபம் காட்டியதும் எல்லாரும் விழுந்து கும்பிட்டார்கள். பொரியும் சுண்டலும் கைக்குக் கை போயின. பூசையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் விஜயதசமி காலைவரை தொடக் கூடாது. மேசையில் ஏறி மாலை விழுந்துவிட்டால் அது துப்பாக்கி இல்லை, சாமி. அவர் கையும் அதனிடம் போகவில்லை, அவர் புத்தியும் போகவில்லை. அதுதான் நடந்தது. ஐம்பத்தைந்து வயதில் சின்னப்பிள்ளை மாதிரி பொரியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல் கதை பேசிவிட்டு, மகளையும் மற்றவர்களையும் அங்கேயே விட்டுப் பைக்கை எடுத்து வீட்டுக்கு வந்துவிட்டார்.

சுபலட்சுமிக்குப் போன் போட்டார். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. ஹாலுக்குள் எல்லாப் போனும் சைலன்ட்டில் இருக்க வேண்டும் என்பது கிளப் விதி. விதியைப் போட்டது யார் என்று கேட்க வேண்டியதில்லை. அடுத்தாற்போல் வெங்கட்ராமனுக்குப் போட்டார். அவர் வெளியே நின்றிருப்பார் போலிருக்கிறது, உடனே எடுத்தார்.

"சொல்லுங்கண்ணே, சாப்டீகளா?"

"இன்னும் இல்ல. அங்க எல்லாம் வச்சது வச்சபடி இருக்குல்ல? யாரும் தொடலையே?"

"சாமிக்கு வச்சத யாருண்ணே தொடப்போறா. ஏன், என்ன சங்கதி?"

தோட்டா உள்ளே இருக்கிறது, எல்லாரையும் வெளியே அனுப்பிக் கதவைப் பூட்டு என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. கிளப்பை மூடச் சொல்லி ஏற்கெனவே இரண்டு மனு போயிருக்கிறது. ரேஞ்ச் ஆபீசரே தோட்டாவோடு துப்பாக்கியைக் கூடத்தில் வைத்தாராம் என்று நாளைக்கு ஊர் சிரிக்கும். இத்தனை வருஷமாக அவர் வெளியே அனுப்பிய டாக்டரும் தாசில்தாரும் சிரிப்பார்கள். போய்ச் சத்தமில்லாமல் போல்ட்டைத் திறந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டால் ஒரு ஈ எறும்புக்குத் தெரியாது.

"ஒண்ணுமில்ல, சும்மாதான் கேட்டேன்" என்றார்.

போனை வைத்த பிறகு கொஞ்சம் தெம்பு வந்தது. யாரும் தொடமாட்டார்கள், அதுதான் வழக்கம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். மனைவியிடம் ஒரு சாமானை மறந்துவிட்டேன் என்றார். பூசை வேளையில் வெளியே கிளம்பாதீர்கள் என்று அவர் தடுக்க, இவர் சமாதானம் சொல்ல, கழற்றிய சட்டையைத் தேடி மாட்டிக் கொடியைப் பையில் போட என்று நேரம் போயிற்று. கடைசிப் பொத்தானைப் போடும்போது போன் டிங் என்றது. கிளப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம்.

வெங்கட்ராமனின் அக்கா மகன் ஆகாஷ், பெங்களூரில் வேலை பார்ப்பவன், லீவுக்கு வந்திருந்தான். படத்தில் அவன் மூன்றாம் நம்பரைத் தோளில் ஏந்தியிருந்தான். சாமந்தி மாலை குழலிலிருந்து தொங்கியது. ஒரு கண்ணை மூடிக் குறி பார்த்திருந்தான். குழலின் வாய் நேராகப் படம் எடுப்பவரைப் பார்த்தது. அந்தச் சின்னக் கறுப்பு ஓட்டை படத்தின் நட்டநடுவில் இருந்தது. அனுப்பியவர் பெயர் சுபலட்சுமி.

மகளுக்குப் போன், எடுக்கவில்லை. வெங்கட்ராமனுக்குப் போன், அவரும் எடுக்கவில்லை. மறுபடி மகளுக்கு. 'தொடாதீங்க' என்று குழுவில் தட்டினார், எழுத்து மூன்று தடவை தப்பாக விழுந்தது. அனுப்பினார், யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. மஹாலட்சுமி கரண்டியோடு வாசலுக்கு வந்து முகமெல்லாம் ஏன் இப்படி வேர்க்கிறது என்று கேட்டார். இவர் பைக்கை உதைத்தார்.

கல்லல் ரயில்வே கேட் மூடியிருந்தது. எப்போதும் மூடியிருக்குமா என்றால் இல்லை, இன்றைக்குத்தான் மூடியிருக்க வேண்டும். முன்னால் வாழைக்கன்று கட்டிய ஆட்டோ, பின்னால் மாலை போட்ட ஜேசிபி, எல்லாவற்றுக்கும் நெற்றி நிறையச் சந்தனம். ஜனங்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நாகநாதன் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நேரம் பார்த்துச் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுக்கக் கை வரவில்லை. எடுத்தால் வெங்கட்ராமன் அழுதுகொண்டு பேசுவார், அல்லது யாரோ முன்பின் தெரியாத குரல் ஆஸ்பத்திரி பெயரைச் சொல்லும். எடுக்காதவரை சுபா உயிரோடு இருக்கிறாள். அதிர்ந்து அதிர்ந்து நின்றுபோயிற்று. ரயில் போய்க் கேட் தூக்கிய பிறகு, வண்டியை ஓரமாக நிறுத்தி ஒரு கண்ணால் பார்த்தார். ஆபீஸ் ஃபோர்மேன், பூசைக்கு வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டிருந்தார்.

அதற்குப் பிறகு எப்படி ஓட்டினார் என்று அவருக்கே தெரியாது. சாலையில் நெடுகத் திருஷ்டிப் பூசணி உடைத்துப் போட்டிருந்தார்கள். ஒன்றின் மேல் ஏறிச் சறுக்கிக் காலை ஊன்றிச் சமாளித்தார். கொப்புடையம்மா, கொப்புடையம்மா என்று வாய் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது. மேற்கொண்டு என்ன கேட்பது என்று தெரியவில்லை. தோட்டாவை வைத்தது நீதானே என்று அம்மன் திருப்பிக் கேட்பாள்.

கிளப் வாசலில் பத்துப் பன்னிரண்டு ஜோடிச் செருப்பு கிடந்தது. உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. பைக்கை ஸ்டாண்டில்கூடப் போடாமல் சாய்த்து, செருப்பை உதறிவிட்டுப் படி ஏறினார்.

சத்தம் வராததற்குக் காரணம், எல்லாரும் படத்துக்கு நின்றார்கள். வெங்கட்ராமன், அவருடைய அக்கா, இன்னும் நாலைந்து உறவுக்காரர்கள் சுவரோரம் வரிசையாக நிற்க, நடுவில் ஆகாஷ் மூன்றாம் நம்பரோடு ஒரு முட்டி போட்டிருந்தான். நாலடி தள்ளிச் சுபலட்சுமி தரையில் உட்கார்ந்து போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள். குழல் அவள் நெற்றிக்கு நேராக இருந்தது. அவன் விரல் விசைமேல் இருந்தது.

கத்த வாயைத் திறந்தவர் அப்படியே மூடிக்கொண்டார். கத்தினால் அந்தப் பையன் திடுக்கிடுவான், திடுக்கிட்டால் விரல் இறுகும். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு, செருப்பில்லாத காலை மெல்ல மெல்ல வைத்து அவன் பக்கவாட்டில் போனார். வெங்கட்ராமன் பார்த்துவிட்டு, வாங்கண்ணே, நீங்களும் நில்லுங்கள் என்றார். நாகநாதன் குனிந்து குழலுக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்துக் கூரையைப் பார்க்கத் தூக்கினார்.

"விரல வெளிய எடுங்க தம்பி. மெதுவா."

ஆகாஷ் எடுத்துவிட்டான். பூசையில் வைத்ததை மருமகன் ஆசைக்குத் தொட்டுவிட்டான், கோபித்துக்கொள்ளாதீர்கள் என்று வெங்கட்ராமன் இழுத்தார். நாகநாதன் மாலையைப் பிய்த்துப் போட்டுவிட்டு, துப்பாக்கியை மேலே பார்க்கப் பிடித்தபடி வெளியே, சுடுகிற இடத்துக்குப் போனார். எல்லாரும் என்னவோ ஏதோ என்று பின்னாலேயே வந்தார்கள். குழலை மண்மேட்டுக்கு நீட்டி, போல்ட்டைத் தூக்கி, முழுக்கப் பின்னால் இழுத்தார்.

தோட்டா துள்ளி, படுத்துச் சுடுவதற்குப் போட்டிருந்த விரிப்பில் விழுந்தது. ஈயமுனை அப்படியே இருந்தது. வெங்கட்ராமனின் அக்கா ஆத்தாடி என்று வாயில் கையை வைத்தார்.

நாகநாதன் அதை எடுத்து வெயிலில் பார்த்தார். தோட்டாவின் அடிப்பக்கத்து விளிம்பில் ஒரு பள்ளம் இருந்தது. அது காலையில் ஃபாயிஸா அழுத்தியது, இருக்க வேண்டியதுதான். ஒரு நெல் அகலம் தள்ளி இன்னொரு பள்ளம் இருந்தது.

"முன்னாடி இத அமுத்துனீகளா தம்பி?"

ஆகாஷின் முகம் வெளுத்திருந்தது. "முதல் போட்டோவுக்கு ஒரு தடவ அமுத்துனேன் அங்கிள். டிக்னு சத்தம் மட்டும் வந்துச்சு. காலின்னு மாமா சொன்னாரு."

"நீங்க மேசையில வச்ச துப்பாக்கிண்ணே" என்றார் வெங்கட்ராமன். "நான் வேற என்னத்தச் சொல்ல? நீங்க பாக்காம வைப்பீகளா?"

நாகநாதன் அங்கேயே எல்லாவற்றையும் சொன்னார். முப்பது வினாடியைப் பாதியில் விட்டதை, கொடி பையில் கிடந்ததை, தோட்டா எடுக்காதது தன் தப்புதான் என்பதை. வெங்கட்ராமன் போல்ட்டில் பொட்டு வைத்ததை மட்டும் அவர் சொல்லாமல் விட்டார். அவர் பதறி வந்ததெல்லாம், கேட்டில் நின்று நெஞ்சு வெடித்ததெல்லாம், நடந்து முடிந்த ஒன்றுக்காக. அவர் சட்டைப் பொத்தானைப் போடும்போதே அந்த ஊசி அடித்துவிட்டிருந்தது. ஏன் வெடிக்கவில்லை என்பதற்கு அவரிடம் காரணம் கிடையாது, எவரிடமும் கிடையாது.

சுபலட்சுமி வந்து அவர் உள்ளங்கையிலிருந்து தோட்டாவை எடுத்தாள். ஆறு வருஷமாகச் சுடுகிறவள், அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நகத்தால் முதல் பள்ளத்தைத் தடவினாள். அப்புறம் இரண்டாவதைத் தடவினாள். போனை எடுத்து அந்தப் படத்தைத் திறந்து, ஆகாஷின் மூடிய கண்ணையும் நடுவிலிருந்த கறுப்பு ஓட்டையையும் வெகுநேரம் பார்த்தாள்.

"எல்லாம் வச்சபடி இருக்கா, யாரும் தொட்டாகளான்னு நீங்க கேட்டதா வெங்கட்ராமன் மாமா சொன்னாக. எத்தன மணிக்குப்பா போன் பண்ணீக?"

அவர் போனைப் பார்க்காமலே சொன்னார். "ஒன்னு நாப்பது."

படத்தின் கீழே ஒன்று ஐம்பத்திரண்டு என்று இருந்தது. வெங்கட்ராமன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பன்னெண்டு நிமிஷம் இருந்துருக்கு" என்றாள்.

"பயந்துட்டேன் ஆத்தா" என்றார் நாகநாதன். எட்டி அவர் தலையைத் தொடுவாள் அல்லது திட்டுவாள் என்று நினைத்தவர் போல அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் சட்டைப்பையிலிருந்து ஆரஞ்சு நிறக் கொடியை அவளே எடுத்தாள். விரிப்பில் மண்டி போட்டு உட்கார்ந்தாள். போல்ட் திறந்துதான் கிடந்தது, தோட்டா அவள் இன்னொரு கையில்தான் இருந்தது. காலிதான் என்று அவரும் சொன்னார். அவள் குனிந்து உள்ளே பார்த்தாள், விரல் நுனியை விட்டு ஒரு தடவை தடவிப் பார்த்தாள், அதற்கப்புறம்தான் கொடியைச் செருகினாள்.